முப்பத்தொன்பதாவது வரி

கிணறுகளின் உப்பை அளக்கும் மென்பொருள் எங்களுடையது.
கோண்டாவிலில் பேக்கரிக்கு மேல்மாடி,
மூன்று மேசை, ஒரு யூபிஎஸ்.
போறணையில் பாண் வேகும் நேரத்தை
மூக்கு சொல்லிவிடும்.

கட்டளைகள் பெருகிவிட்டன.
அளவை எடுக்க ஒன்று, எடுத்ததைத் திருத்த ஒன்று,
மாரிக்கும் கோடைக்கும் கோடு கீற ஒன்று,
கீறிய கோட்டை அதிகாரிகளுக்குப் பிடித்த நீலத்தில் கீற
இன்னொன்று.
எது எதற்கென்று எவருக்கும் நினைவில்லை.

ஆகவே நான் ஒன்று எழுதினேன்.
அது ஒரு வேலையும் செய்யாது.
வேலை செய்கிறவற்றின் பெயர்களை
அகரவரிசையில் நிறுத்தி
பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடும்,
கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் எண்ணுகிறவர் மாதிரி.
முதல் நாள் தன்னை எண்ண மறந்துவிட்டது.
வாகீசன்தான் பிழை பிடித்தான்:
"எண்ணுறவரும் சாப்பிடத்தானே வேணும்."

முப்பத்தெட்டு வரி ஒழுங்காக வந்தது.
கடைசியில்
வைகறை
என்றொரு பெயர். பிறகு இடைவெளி.
விளக்கம் இல்லை.

எழுதியவர் அருள்நேசன்.
மூன்று வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு வங்கிக்குப் போய்விட்டார்.
அதை ஓட்டிப் பார்க்க ஒருத்தரும் துணியவில்லை.
உள்ளே பதினோராயிரம் அளவுகள்.
ஒரு பெயர் என்னவெல்லாம் செய்யும், யார் கண்டது.

இரவு வீட்டில் திரையைத் திறந்து வைத்திருந்தேன்.
சொதிச் சட்டியோடு வந்த அம்மா
நின்றுவிட்டாள்.
"என்ன பட்டியல் இது? ஆற்றை பேருகள்?"
ஆக்களின் பெயரில்லை அம்மா, கட்டளைகள்.
"ஆற்றை கட்டளை?"

மேற்கொண்டு கேட்கவில்லை.
அவளுக்குப் பட்டியல் என்றால்
பலகையில் குத்திய தாள்.
விரலை வைத்து மேலிருந்து கீழே,
நம்பாமல் கீழிருந்து மேலே
வாசித்த வெயில்.
பெயர் இருந்தாலும் நெஞ்சு இடிக்கும்,
இல்லாவிட்டாலும் இடிக்கும்.
நான் திரையை மெல்ல உருட்டி
கடைசி வரியை மறைத்தேன்.
ஏனென்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை
எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு
அந்தப் பெயரை அடித்தேன்.
ஒரு நிமிடம் போனது. கூடவும் இருக்கலாம்.
பிறகு அடுத்த வரியில் கர்சர் வந்து மினுங்கியது,
ஒன்றும் நடவாதது போல.
"சும்மா கிடக்குது. தூக்கி எறி" என்றான் வாகீசன்.

எறிய முதல் தொலைபேசி எடுத்தேன்.
அருள்நேசன் லிப்டுக்குள் நின்றார். அரைக்குரல்.
"வைகறையோ? அதை இன்னும் வச்சிருக்கிறியளோ?
அது ஒவ்வொரு கிணத்தையும் கூப்பிட்டுப் பாக்கும், பிள்ளை.
ஏதாவது ஒண்டு மறுமொழி சொல்லாட்டித்தான் வாய் திறக்கும்.
பேசாமல் கிடந்தால்
எல்லாம் இருக்கு எண்டு அர்த்த..."
கதவு மூடியிருக்க வேண்டும்.

எல்லாம் இருக்கு.
புத்தூரில் வெங்காயத் தோட்டத்துக் கிணறு இருக்கு.
சுழிபுரத்தில், பிள்ளைகள் விழுவார்கள் என்று
கம்பிவலை போட்ட பள்ளிக்கூடக் கிணறு இருக்கு.
கைதடியில் உப்பு ஏறி ஏறி
குடிக்க முடியாமல் போனதும்
கூப்பிட்டவுடன் 'ஓம்' என்று இருக்கு.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.
அறுபது எழுத்துக்குள் அடங்க வேண்டும்,
நான் போட்ட சட்டம்தான்.
'கிணற்றுக் கருவிகளின் இணைப்பைச் சோதிக்கும்.'
சரியாக இருந்தது.
அழித்தேன்.
'எல்லாரும் இருந்தால் ஒன்றும் சொல்லாது.'

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த வாகீசன்
"கிணறுகளுக்கு 'எல்லாரும்' வராது,
'எல்லாம்' எண்டு போடு" என்றான்.
பிழைதான். பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு
நான் தொண்ணூறுக்குக் குறைய எடுத்ததில்லை.

அப்படியே சேமித்துவிட்டு
கீழே பாண் வாங்க இறங்கினேன்.